பூட்டின் பகை

அவனைத் தாண்டிப் பந்து போகாது என்பதால் முதல் கால்பந்துக் கிளப்பில் அவனுக்குப் பூட்டு என்று பெயர் வைத்தார்கள். அங்கேதான் அவன் பிழைப்பும் கெட்டது.

கோப்பை அரையிறுதி. கணுக்கால் வீங்கிக் கிடந்தவனுக்கு ஊசி போட்டு மைதானத்தில் இறக்கிவிட்டார் கோச். இடைவேளைக்குப் பிறகு எலும்பு முறிந்தது, அணியும் தோற்றது. மறுநாள் கோச் நிருபர்களிடம் சொன்னார்: "கால்ல ஒண்ணும் இல்ல. பெரிய மேட்ச்னா பயம். நடிக்கிறான்."

எலும்பு கூடிவிட்டது. அந்தப் பேச்சுதான் விடாமல் துரத்தியது. பெரிய கிளப்புகள் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னக் கிளப்புகள் ஒரு சீசன், அரை சீசன் என்று வைத்துக்கொண்டு அனுப்பின. வீடு மாற்றி மாற்றி அலுத்துப்போன மனைவி ஜன்னலுக்குத் திரை தைப்பதையே விட்டுவிட்டாள், போர்வையை மாட்டிவிடுவாள். எந்த ஊரில் இருந்தாலும் வாரக் கடைசியில் அவன் முதலில் தேடுவது அந்தக் கோச்சின் ஆட்ட முடிவைத்தான். தோற்றிருந்தால் முகம் மலரும்.

"நம்ம டீம் ஜெயிச்சப்போகூட நீங்க இப்படிச் சிரிச்சதில்ல," என்பாள் அவள்.

"நம்ம டீம் எனக்கு என்ன பண்ணுச்சு?"

கால் தளர்ந்துகொண்டிருந்த வயதில் வாய்ப்பு வந்தது. சீசனின் கடைசி ஆட்டம் கோச்சின் அணியோடு. தோற்றால் அவர்கள் கீழ் லீக்குக்கு இறங்க வேண்டும், டிரா செய்தால் தப்புவார்கள். பூட்டின் அணிக்கு ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். கூட ஆடியவர்கள் பாதி மனதை விடுமுறைக்கு அனுப்பியிருந்தார்கள். அவன் மட்டும் வெறி பிடித்தவன்போல் ஓடினான். எதிராளியின் முன்வரிசை ஆட்டக்காரனை மூச்சுவிட விடவில்லை.

பூட்டின் அணி ஒரு கோல் முன்னிலையில் இருந்தபோது, முடியும் தறுவாயில் கோச்சின் அணிக்குக் கார்னர் கிடைத்தது. ஓரத்தில் நின்ற கோச் தொப்பியைக் கழற்றி மாட்டினார். பந்து பக்கத்துக் கோல் கம்பத்துக்கு வரும் என்று அர்த்தம். மனுஷன் இத்தனை வருஷத்தில் சைகையைக்கூட மாற்றவில்லை. பூட்டு முந்திப் பாய்ந்து, தலையால் முட்டிப் பந்தை வெளியே தள்ளினான். கடைசி விசில் ஒலித்தது.

அவன் நேராகக் கோச்சிடம் போனான். அவர் கை நீட்டினார்.

"நல்லா ஆடினப்பா. அன்னைக்கு நான் திட்டலன்னா நீ இவ்வளவு நாள் தாக்குப்பிடிச்சிருப்பியா?"

"மாட்டேன் சார். உங்கள கீழ இறக்காம போகக்கூடாதுன்னுதான் ஆடினேன்."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. அவன் திரும்பி நடந்தான்.

அந்த வாரமே கோச்சின் வேலை போயிற்று. அடுத்த சீசனுக்குப் பூட்டையும் யாரும் கூப்பிடவில்லை. அவன் அதற்கு வருந்தவும் இல்லை. இப்போது கோச் டிவியில் ஆட்டத்தை விளக்கிப் பேசுகிறார். அவர் வாயைத் திறந்தால் போதும், பூட்டு சத்தத்தை அணைத்துவிடுவான்.

"ஏம்ப்பா, சத்தமே வரல?" என்று கேட்டாள் மகள்.

"பந்து தெரியுதில்ல? அதைப் பாரு."