டிகிரி மாப்பிள்ளையின் ஃபேன்கள்

என் தங்கை புருஷனுக்கு நான் வைத்த பெயர் டிகிரி. படித்து வாங்கியது இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். வாயைத் திறந்தால் 'எழுபத்தெட்டு டிகிரி, எண்பது டிகிரி' என்பான், அதனால் வந்தது. முகத்துக்கு நேரே மாப்பிள்ளை, நீங்கள். மனசுக்குள் அவன் இவன்தான்.

கூடத்தில் மூன்று கம்ப்யூட்டர் மெஷின்களை வைத்துக் கிரிப்டோ என்கிற இன்டர்நெட் காசு எடுத்துக்கொண்டிருந்தான். அவை நாள் முழுக்கக் கொதிக்கும். அந்தச் சூட்டை விரட்டுவதுதான் அவனுக்குப் பிழைப்பு. ஒரு ஃபேன் நின்றால் அவன் போன் அலறும். சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்து ஓடுவான்.

அடுத்த அறையில் அவனுடைய அப்பா. வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, குரலும் போய்விட்டது. ஏதாவது வேண்டுமென்றால் எவர்சில்வர் டம்ளரால் கட்டில் கம்பியில் தட்டுவார். தங்கை வேலைக்குப் போய்விட்டால் மனுஷனுக்கு அந்தச் சத்தம்தான் வாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபேன் மாற்ற என்னைக் கூப்பிட்டான். நான் எலக்ட்ரீஷியன். இரண்டு வகை கொண்டுபோயிருந்தேன்.

"மாப்ளே, இந்தப் பெருசு சத்தமே போடாது. ஆனா திறந்த இடத்துலதான் காத்து தள்ளும். உங்க மெஷின்ல தகடெல்லாம் நெருக்கமா இருக்கு. அதுக்குள்ள புகுந்து வரணும்னா இந்தச் சின்னதுதான் சரி. ஆனா கத்தும்."

"கத்தட்டும் மச்சான். எத்தனை டிகிரி குறையும்?"

"பத்து. அப்புறம் மாமா தட்டுனா கேக்காதே?"

"அவரு சும்மாவே தட்டிட்டுத்தான் இருக்காரு."

தங்கை சமையலறையிலிருந்து வந்தாள். "அண்ணே, மெஷின் சூடானா இவரு போன் அலறுதுல்ல? மாமா கைக்கும் அதே மாதிரி ஒரு ஸ்விட்ச் குடுண்ணே."

பையிலேயே இருந்தது. அரை மணி நேர வேலை.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல ஃபேன்" என்றான் டிகிரி. நானும் கத்துகிற சின்னதையே மாட்டிவிட்டு, ஸ்விட்சை அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டேன். அடுத்த வாரம் எனக்கு வேறு வேலை வந்தது.

இருபது நாள் போயிருக்கும். பட்டப்பகல். மாடியில் இருந்தவனுக்குப் போன் அலறியது. அப்பாவின் அறை வாசலைத் தாண்டித்தான் ஓடினான். ஃபேனில் நூல் சுற்றியிருந்தது. எடுத்துப் போட்டு, எழுபதுக்கு இறங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் எட்டிப் பார்த்தான். பெரியவர் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். டம்ளர் கையிலேயே இருந்தது. கட்டில் காலில் கையகலத்துக்குப் பெயிண்ட் உதிர்ந்திருந்தது. எவ்வளவு நேரம் தட்டினாரோ.

துக்கம் கேட்க வந்தவர்களிடம், "போன் அடிச்ச பத்தாவது செகண்ட் மெஷின்கிட்ட நின்னேன், இல்லாட்டி போர்டே போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். பெற்ற அப்பனைத் தூக்கி அரை நாள்கூட ஆகவில்லை. அந்த ஸ்விட்ச் இன்னும் என் பையில்தான் கிடந்தது.

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டான்.

"மச்சான், அப்பா ரூம் காலியாத்தானே கெடக்கு. பின்பக்க ஜன்னல்ல சூட்டை வெளிய தள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் வெச்சா இன்னும் அஞ்சு டிகிரி குறையுமா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"ஜன்னல் எத்தனை இஞ்ச் மாப்ளே?" என்று கேட்டேன்.