முனியாண்டிக் கல்லுக்கடியில் புது லயத்து பிளான்

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்வார்கள். சொல்லட்டும். மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்தபோது, பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சின்ன கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவன் நான். அந்தக் காலத்தில் தோட்டத்தில் இருந்துவிட்டு, எனக்குப் பயமே இல்லை என்று எவனாவது சொன்னால் அவன் புளுகுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய் குரைத்தால் பயம், குரைக்காவிட்டால் அதைவிடப் பயம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் வந்து அரிசி கேட்பார்கள். கொடுத்தவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும். கொடுக்காதவன் என்ன ஆவான் என்பதைப் பக்கத்துத் தோட்டத்தில் பார்த்திருந்தோம்.

எனக்கு நேராகக் கோடு போட வரும். எல்லா வினையும் அதில்தான் ஆரம்பித்தது. ஜப்பான்காரன் போன பிறகு, கம்பெனித் துரைமார் ஓய்வெடுக்கச் சி ரூசா கடற்கரையில் ஒரு பங்களா கட்ட நினைத்தார்கள். எங்கள் துரை அதற்கு என்னை பிளான் போடச் சொன்னார். எந்த அறை எந்தப் பக்கம், நனைந்த துணியை எங்கே காயப் போடுவது, சமையல்காரன் எங்கே படுப்பது என்று எல்லாம் போட்டுக் கொடுத்தேன். கடல் பார்க்கிற பக்கத்தை அடைக்கக் கூடாது என்பதால் கக்கூஸைப் பின்னால் மேட்டின்மேல் வைத்தேன். துரைக்கு ஒரே சந்தோஷம். ஒரு டின் பிஸ்கட் கொடுத்தார். அந்த பிஸ்கட்டைத் தின்றிருக்கவே கூடாது.

மூன்று இடங்களில் சிதறிக் கிடந்த, தொழிலாளர் குடியிருக்கும் லயங்களை இடித்து, எல்லாரையும் ஆபீசுக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், முள்கம்பி வேலிக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. துரை என்னைக் கூப்பிட்டு அவருடைய தோட்டத் தமிழில் சொன்னார்.

"சி ரூசா மாதிரி போடு. அங்கே நாலு ரூம். இங்கே நூத்திருபது வீடு. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்! லய வரிசைகள், கிணறு, கக்கூஸ், பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகை, ரேஷன் கடை, காவலுக்கு வந்திருந்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களுக்கு ஒரு கொட்டகை என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் அடக்கினேன். சிரம்பானிலிருந்து வந்த வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, கேட் எங்கே, காவல் மேடை எங்கே, விளக்குக் கம்பம் எங்கே என்று சிவப்புப் பென்சிலால் அதில் குறித்தார். குறித்துவிட்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். துரை மொழிபெயர்த்தார்.

"சனிக்கிழமை வந்து நல்ல பிரதியை வாங்கிக்கொள்வார். அதுக்கு முன்னால் இந்தத் தாள் வெளியே போனால், உன்னைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிடுவார்."

கப்பலில் ஏற்றுவது என்றால் இந்தியாவுக்கு நாடு கடத்துவது. இந்தியாவில் எனக்கு யாரைத் தெரியும்? பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே பக்கத்து ஊர் தம்பினில். என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டுமே என்று இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த நேரம்.

ஆபீசில் செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டு வேலை தலைக்குமேல் கிடந்தது. வீட்டில் உட்கார்ந்து நல்ல பிரதி எடுக்கலாம் என்று தாளைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வந்து, டிரங்குப் பெட்டியில் வேட்டிக்கு அடியில் வைத்தேன். அது திங்கட்கிழமை. வியாழக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்தால் தாள் இல்லை.

பெட்டியைக் கவிழ்த்தேன். பாயை உதறினேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்து நிதானமாகக் கேட்டாள்.

"என்னத்தங்க தேடுறீங்க? அந்தப் பெரிய தாளா?"

"எங்கடி அது?"

"முனியாண்டிகிட்ட வச்சிருக்கேன். நாலு மூலையிலயும் மஞ்சள் தடவி, ஒரு எலுமிச்சம்பழத்தோட கல்லுக்கடியில வச்சிருக்கேன். செவ்வாக்கிழமை வச்சது. மூணு நாள் இருக்கணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை நானே போயி எடுத்துட்டு வந்துருவேன்."

கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் நாங்கள் மூலையில் மஞ்சள் தடவிச் சாமி முன்னால் வைத்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுப்போம். தைத்து வந்த புதுச் சட்டைக்கும் ஒரு பொட்டு மஞ்சள் உண்டு. எல்லாம் சரி. ஆனால் எங்கள் முனியாண்டி இருந்தது லயத்தைத் தாண்டி, பழைய ரப்பர் மரங்களையும் தாண்டி, பெலுக்கார் என்கிற புதர்க்காடு தொடங்கும் இடத்தில். காட்டுக்குள் இருப்பவர்கள் இறங்கி வரும் வழியே அதுதான். கேட்டும் காவல் மேடையும் சிவப்பில் குறித்த போலீஸ் பிளானை அவர்கள் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து எனக்குச் சோறு போட்டிருக்கிறாள் மகராசி.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. அவள் அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு திருப்பிக் கேட்டாள்.

"மனை பாக்கல, கால் நடல, ஒரு தேங்கா ஒடைக்கல. தொர கோடு போட்டா அது வீடாயிருமா? இந்தப் புள்ளையும் போச்சுன்னா நீங்க தருவீங்களா?"

சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

தொழிலாளர் கொண்டுவந்த ரப்பர் பாலை நிறுத்து முடிந்து நான் வெளியே வர மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. இரண்டு மணிக்கு மேல் ரப்பர் மரங்களுக்குள் யார் தென்பட்டாலும் சுடலாம் என்று எங்கள் பக்கம் உத்தரவு இருந்தது. உச்சி வெயில். கடைசி லயத்தைத் தாண்டினேன். ரப்பர் கொட்டை ஒன்று படீரென்று வெடித்தது. நான் தரையில் குப்புற விழுந்துவிட்டேன். விழுந்த இடத்தில் எறும்பு கடிப்பதுகூடத் தெரியாமல் கிடந்தேன். எழுந்து திரும்பிப் போய்விடலாம் என்று தோன்றியது. போனால் சனிக்கிழமை என்ன செய்வது?

கல்லுக்கடியில் தாள் இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பனே முனியாண்டி, உனக்குச் சேவல் அறுக்கிறேன் என்று வாய்விட்டே சொன்னேன். பிறகுதான் எலுமிச்சம்பழத்தைத் தேடினேன். பழத்தைக் காணோம். தாளைப் பிரித்தேன். நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில், மேட்டின்மேல் நான் போட்டிருந்த கக்கூஸைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம். பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தது.

"கக்கூசு மேட்டுல, கெணறு பள்ளத்துல. மழை பேஞ்சா புள்ளைங்க என்னத்தக் குடிக்கும்? கக்கூச ஆத்துக்கிட்ட கீழ தள்ளு."

அந்த எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்தில் பால் நிறுக்கிற மண்டோராக, அதாவது மேஸ்திரியாக இருந்தவருடையது. அந்தச் சாய்ந்த எழுத்தைத் தினமும் துண்டுச் சீட்டில் பார்த்தவன் நான். "கிராணியாரே, ஒங்க நெழல் ஒங்கள ஒண்ணும் செய்யாது லா, தைரியமா நடங்க" என்று என்னைக் கேலி செய்கிற ஆள். அவருடைய மூன்று வயது மகள், பழைய லயத்துக் கிணற்றில் மழைத் தண்ணீர் கலந்த வருஷம் வாந்திபேதியில் செத்துப்போனாள். கிணற்றுக்குச் சுவர் கட்டித் தாருங்கள் என்று அதற்கு முன்பே துரையிடம் இரண்டு தடவை சண்டை போட்டிருந்தார். பிறகு தொழிலாளர் சங்கம் என்று சேர்ந்தார். அவசரகாலம் வந்ததும், சங்கத்து ஆட்களைப் போலீஸ் தேடுகிறது என்று தெரிந்த அன்று காலையில், தராசை அப்படியே போட்டுவிட்டு ஆள் காணாமல் போனார். காட்டுக்குள் போய்விட்டார் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டோம்.

கேட்டையும் காவல் மேடையையும் அவர் பார்த்திருக்கிறார். அதைப் பற்றி ஒரு கோடுகூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. இந்த நிமிஷம் புதருக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரோ? நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தாளை மடித்து பனியனுக்குள், வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு நடந்தேன். ஓடினால் சுடுவார்கள் என்று நடந்தேன்.

கடைசி லயத்துக்குப் பக்கத்தில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஒருவர் துப்பாக்கியோடு மறித்தார். மலாய்க்காரர், சின்ன வயசு. எங்கே போய் வருகிறாய் என்று கேட்டார். கையை மட்டும் நீட்டிக் காட்டினேன். விரலெல்லாம் மஞ்சள். பிறகு ஒருவழியாக, சாமி கும்பிட்டேன், மனைவி பிள்ளைத்தாய்ச்சி என்று மலாயில் உளறினேன். அவர் என் வயிற்றுப் பக்கம் பார்த்தார். வேர்வையில் தாள் நனைந்து பனியனுக்கு வெளியே மஞ்சள் தெரிந்துவிடுமோ என்று நான் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டேன். "என் மனைவியும் பிள்ளைத்தாய்ச்சிதான்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவர் வழியை விட்டார். நான் கிணற்றடி வரைக்கும் போய் வாந்தி எடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு நல்ல பிரதி போட உட்கார்ந்தேன். கேட்டை நான் மாற்ற முடியாது. அது அதிகாரி குறித்த இடம். விஷயத்தைச் சொன்னால் எனக்குக் கப்பல். சொல்லாவிட்டால், ஒரு நாள் அந்த கேட் வழியாக அவர்கள் உள்ளே வந்து சுட்டால் அந்தப் பாவம் என் தலையில். கக்கூஸை மாற்றினால் காட்டுக்காரன் பேச்சைக் கேட்டவன் ஆவேன். மாற்றாவிட்டால்? அந்த மூன்று வயதுப் பிள்ளையின் பெயரைப் பதிவில் எழுதியவனே நான்தான். கக்கூஸைக் கீழே தள்ளினேன். பழைய தாளை அடுப்பில் போட்டேன். மஞ்சள் பட்ட மூலைகள் எரிய நேரமாயிற்று. தாள் பத்திரமாகக் கிடைத்துவிட்டது என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன்.

சனிக்கிழமை அதிகாரி வந்தார். துரை புதுப் பிரதியை மேசையில் விரித்துப் பார்த்தார்.

"இது முன்னே மேலே இருந்ததே. ஏன் மாத்தினே?"

"மழைத் தண்ணி கெணத்துல எறங்கும் தொர. மொதல்ல தப்பாப் போட்டுட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துரை என் முதுகில் தட்டி, "கெட்டிக்காரன்" என்றார். அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கை ஈரமாக இருந்ததை அவர் மரியாதை என்று நினைத்திருப்பார்.

புது லயம் எழுந்தது. முள்கம்பி ஏறியது. மூன்று லயத்துச் சனமும் கோழி, ஆட்டுக்குட்டி, அம்மிக்கல் என்று தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். எனக்கு மகள் பிறந்தாள், தங்கினாள். அந்த மழைக்காலத்தில் பெடாஸ் பக்கத்து இன்னொரு தோட்டத்தில் பேதியில் பிள்ளைகள் போனார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்களிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு சாயங்காலமும் கேட்டை இழுத்துச் சாத்தும் சத்தம் கேட்டால், இன்றைக்குத்தானோ, இன்றைக்குத்தானோ என்று மகளைச் சுவரோரம் படுக்க வைப்பேன். அந்தப் பக்கமிருந்து ஒரு குண்டுகூட வரவில்லை. வரவே இல்லை.

மகளுக்குப் பல் முளைத்த சமயம், ஒரு நாள் காலையில் போலீஸ் லாரி வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. காட்டில் போலீஸ் சுட்டுக் கொன்ற மூன்று பேரைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். தெரிந்த ஆளா என்று பார்த்துச் சொல்ல, லயத்தார் எல்லாரும் வரிசையாகப் போக வேண்டும் என்றார்கள். கைப்பிள்ளைக்காரிகளை மட்டும் விட்டுவிட்டார்கள். எல்லாரும் போனார்கள், எல்லாரும் தலையை ஆட்டினார்கள். தெரியாது, தெரியாது, தெரியாது. ஒருவரைத் தெரியும் என்று சொன்னால், எப்படித் தெரியும், எப்போது பார்த்தாய், என்ன கொடுத்தாய் என்று கேள்வி வருமே.

இரண்டாவதாகக் கிடந்தவர் மண்டோர். மெலிந்து, தாடி வளர்ந்து, செருப்பில்லாமல். அதே அதிகாரி என்னைத் தனியாக முன்னால் கூப்பிட்டார். துரை சொன்னார்.

"நீ பழைய ஆள். செக்ரோல் எழுதறவன். நல்லாப் பார்த்துச் சொல். இவன் இங்கே வேலை செய்தவனா?"

நான் குனிந்து பார்த்தேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை. தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவருக்கு ஒரு பெயராவது இருந்திருக்கும். லயத்தார் கேட்டு வாங்கி ஒரு பிடி மண்ணாவது போட்டிருப்பார்கள்.

"இல்ல தொர. பாத்ததில்ல" என்றேன்.

மூன்று பேரையும் லாரியில் தூக்கிப் போட்டார்கள். எங்கே புதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து வாசலில் உட்கார்ந்தேன். மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். முழுச் செம்பையும் குடித்தேன்.

"யாருங்க? நமக்குத் தெரிஞ்சவங்களா?" என்று கேட்டாள்.

அவளிடமும் தெரியாது என்றுதான் சொன்னேன்.