கப்ரிஞ்ஞாவுக்கு ஓர் அட்டைப்படம்

ஊரில் யார் செத்தாலும் நினைவு மலருக்கு அட்டைப்படம் செய்கிறவள் நாவற்குடா அஜந்தா. வயலின்காரி எறிக்கா கேட்டதோ, போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர் கலியாண வீடுகளில் ஆடுகிற கப்ரிஞ்ஞா நடனப் பாட்டுகளைத் தான் வாசித்த இசைத்தட்டுக்கு ஓர் அட்டை. அஜந்தா கறுப்புப் பின்னணியில் ஒற்றை வயலினை வைத்திருந்தாள்.

"ஆர்ர செத்தவீடு இது?" எறிக்கா சீறினாள்.

"புடிக்காட்டி வேற ஆளப் பாருங்க!"

எறிக்கா பெட்டியைத் திறந்து, வயலினை எடுத்து, நின்றபடியே ஒரு கப்ரிஞ்ஞாவை வாசித்தாள். அஜந்தா பல்லைக் கடித்துக்கொண்டு கணினித் திரையையே முறைத்தாள். திடீரென்று வயலின் நின்றது. எறிக்காவின் பார்வை மேசைக்கடியில் இருந்தது. அஜந்தாவும் குனிந்தாள். செருப்பு கழன்று கிடக்க, அவளுடைய கால் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன பார்க்கிறீங்க?" என்றாள் அஜந்தா. "இந்தக் காலைப் படமெடுங்க. அதுதான் அட்டை!"