முன்னால் போன பொதி

பழுகாமத்துச் சீதேவி எனக்கு மச்சாள் முறை. என் அம்மாவின் மூத்த தமையனுக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்தவள். முதல் தாரத்துப் பிள்ளைகள் கொக்கட்டிச்சோலைப் பக்கம் கலியாணம் முடித்துப் போனார்கள். இந்தக் கதைக்கு அவர்கள் தேவையில்லை. தேவையானவள் லூர்து. அவள் எங்களுக்குச் சொந்தமில்லை, பெரியகல்லாற்று வேதக்காரி. ஆனால் சீதேவிக்குச் சொந்தத்தைவிட நெருக்கம். களுவாஞ்சிக்குடிச் சந்தையில் ஒருத்தி மீனும் மற்றவள் மரக்கறியுமாகப் பக்கத்தில் பக்கத்தில் சாக்கு விரித்து அரை ஆயுள் இருந்தவர்கள். பிறகு லூர்துவை அவள் மகன் ஜொய்சன் சுவிசுக்குக் கூப்பிட்டுக்கொண்டான்.

சீதேவியிடம் ஒரு பிடிவாதம் உண்டு. ராகு காலத்தில் வெளிக்கிடமாட்டாள். அவசரம் என்றால், நல்ல நேரம் முடிவதற்குள் பயணப் பொதியைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவாள். பொதி படி தாண்டினால் ஆளும் தாண்டின கணக்கு. அதன்பின் எந்த நேரத்திலும் போகலாம். ஆனால் போகிற வழியில் பொதியை எடுத்துக்கொண்டு போகவேண்டும். எடுக்காமல் போனால் பயணம் முறிந்துபோகும். எங்கள் பக்கத்தில் பழைய ஆட்கள் எல்லாரும் செய்ததுதான். சீதேவி பக்கத்திலிருக்கும் களுதாவளைக்குப் போவதென்றாலும் செய்வாள். லூர்து இதைச் சொல்லிச் சொல்லிச் சந்தை முழுக்கச் சிரிக்க வைப்பாள்.

போன வருடம் லூர்துவுக்கு நெஞ்சில் சத்திரசிகிச்சை என்று வந்தது. "சீதேவிட முகத்தப் பாக்காம நான் கத்திக்குப் போகமாட்டன்" என்று ஒரே பிடியாக நின்றாள். ஜொய்சன் விசா எடுத்து, ரிக்கெட் போட்டு அனுப்பினான். கொழும்புக்கு அப்பால் போகாத சீதேவி, ஜொய்சனின் பெயரையும் போன் இலக்கத்தையும் நெல்லுச் சாக்கில் எழுதுவதுபோலப் பெயின்ற்றால் பெரிதாக எழுதிய பையோடு சூரிச்சில் போய் இறங்கினாள்.

இறங்கிய அன்றைக்கென்று சத்திரசிகிச்சையை அன்று மத்தியானத்துக்கே மாற்றிவிட்டார்கள். ஜொய்சனால் தாயை விட்டு வர முடியவில்லை. விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்யும் சுகந்தினி என்ற பிள்ளையை அனுப்பியிருந்தான். அவள் சீதேவியை ரயில் மேடைக்குக் கூட்டிவந்து, கையில் ஒரு போனையும் ரிக்கெட்டையும் கொடுத்தாள்.

"அன்ரி, இப்ப நிக்கிற ரயில்ல ஏறிராதீங்க. அது பேர்ண் மட்டுந்தான் போகும். அடுத்ததா வாறதில ஏறுங்க. அது நேரே ஆசுப்பத்திரி இருக்கிற தூண் என்ட ஊருக்குப் போகும். அங்க ஜொய்சன் அண்ணன் நிப்பாரு."

"ஓம் மகள். நீ வேலைக்குப் போ."

வெள்ளிக்கிழமை. சீதேவி மேடை மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்தரைக்கு ராகு காலம் தொடங்குகிறது. அடுத்த ரயில் அதற்குப் பிறகுதான் வரும். லூர்து நெஞ்சைக் கிழிக்கக் கொடுக்கப் போகிற நாளில் கெட்ட நேரத்தில் வெளிக்கிடுவதா? நின்ற ரயிலின் கதவு திறந்திருந்தது. பையைத் தூக்கி உள்ளே வைத்தாள். மட்டக்களப்பு ஸ்ரேசனில் ரயில் வந்தால் ஆட்கள் இறங்கி, தேத்தண்ணி குடித்து, சண்டை பிடித்து, சமாதானமாகும் வரை நிற்கும். இதுவும் நிற்கும், பத்தரை தாண்டியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கதவு தன்பாட்டில் மூடியது. ரயில் சத்தமில்லாமல் போய்விட்டது.

சீதேவி கலங்கவில்லை. பொதி நல்ல நேரத்தில்தானே போனது. போன் அடித்தது. லூர்து.

"எங்கடி நிக்காய்?"

"நான் வெளிக்கிட்டுட்டன்கா."

"ரயில்ல ஏறிட்டியா?"

"நான் இன்னும் ஏறல்ல. பொதி ஏறிட்டு."

"என்னடி சொல்றாய்?"

"ராகு காலம் வரப்போகுது. அதுதான் பொதிய முதல்ல அனுப்பிட்டன்."

"மாதாவே! சுவிஸ் ரயில் என்ன உன்ட பக்கத்து வீடாடி?"

"நீ சும்மா கிட. போற வழியில எடுத்துட்டு வாறன்."

"எடுக்காதடி! நேரா வா! பொதி கிடக்கட்டும்!"

"எடுக்காம வந்தா பயணம் முறிஞ்சிரும். உனக்கு நெஞ்ச வெட்டுற நாளில நான் முறிஞ்ச பயணத்தில வரமாட்டன்."

சொல்லி முடிக்கவும் போனில் சார்ஜ் முடியவும் சரியாக இருந்தது.

அங்கே பேர்ணில் பாரமான பை ஒன்று ஆளில்லாமல் கிடப்பதைக் கண்டு பொலிசாரைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு காலம் அப்படி ஒரு பையைக் கண்டால் பஸ் ஸ்ராண்டே காலியாகும், சீதேவியும் ஓடியவள்தான். அங்கேயும் மேடை காலியானது. நாயைக் கொண்டுவந்தார்கள். நாய் பைக்குப் பக்கத்தில் படுத்து வாலை ஆட்டியது. திறந்தால் உள்ளே கருவாடு. பையில் இருந்த இலக்கத்துக்கு எடுத்தார்கள். ஜொய்சன் பேர்ணில் இருக்கும் தன் மச்சான் உதயரூபனை அனுப்ப, அவன் பையை வாங்கிக் காரில் போட்டுக்கொண்டு தூணுக்கு விட்டான்.

சீதேவி சரியான ரயிலில்தான் ஏறினாள். ஆனால் பொதி பேர்ணுக்குப் போனதென்று பேர்ணிலேயே இறங்கிவிட்டாள். ஒவ்வொரு மேடையாக ஏறி இறங்கினாள். சீருடைக்காரர் ஒருவரை மறித்து, கையால் பையின் அளவைக் காட்டி, மூக்கைப் பொத்திக் கருவாட்டையும் காட்டினாள். அவர் கழிவறைக்குக் கூட்டிப்போய் விட்டார்.

ஆசுப்பத்திரியில் லூர்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். இன்றைக்கு விட்டால் அடுத்த மாதந்தான், நெஞ்சு அதுவரை தாங்குமோ தெரியாது என்றார் டொக்டர். ஜொய்சன் காலைப் பிடிக்காத குறை.

"அம்மா, அன்ரி வந்திருவா. நீங்க போங்க."

"அவள் வராம நான் போகமாட்டன் மனே."

அந்த நேரம் உதயரூபன் பையோடு உள்ளே வந்தான். கருவாட்டு மணம் அறை முழுக்க ஏறியது. லூர்து பையைப் பார்த்தாள். கிட்டக் கொண்டுவரச் சொல்லித் தடவினாள்.

"வந்திட்டாள். இனித் தள்ளுங்க" என்றாள்.

டொக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சிநேகிதி வந்துவிட்டா என்று மட்டும் ஜொய்சன் மொழிபெயர்த்தான். தள்ளிக்கொண்டு போனார்கள்.

பேர்ணில் அந்தச் சீருடைக்காரருக்கு மூக்கைப் பொத்தியது பிறகுதான் விளங்கியதாம். காலையில் மேடையைக் காலியாக்கிய பை இவளுடையதுதான் என்று கண்டுபிடித்து, ஓர் ஆளைத் துணைக்குப் போட்டு அனுப்பிவைத்தார். சீதேவி ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுதுபட்டுவிட்டது. லூர்து தப்பி, வேறு கட்டிலில் கண்மூடிக் கிடந்தாள். வாசலில் தாதி மறித்தாள். ஒரு நேரத்துக்கு ஒரு பார்வையாளருக்குத்தான் இடம், சிநேகிதி ஏற்கெனவே வந்துவிட்டதாக நோயாளியே சொன்னார் என்றாள். கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையில் பை இருந்தது. ஜொய்சன் உள்ளே போய் அதைத் தூக்கி வெளியே வைத்த பிறகுதான் சீதேவியை விட்டார்கள்.

அவள் அந்தக் கதிரையில் இருந்து லூர்துவின் கையைப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் லூர்து கண்ணைத் திறந்தாள்.

"பொதி எங்க?"

சீதேவிக்குக் கோபம் வந்துவிட்டது. "கடல் தாண்டி நான் வந்து இரிக்கன், நீ பொதியக் கேக்காய் என்ன?"

"அதுதானேடி நேரத்துக்கு வந்தது" என்றாள் லூர்து, பிடித்த கையை விடாமல்.