நான்கு வீட்டுக்கு ஒரு சோஃபா

வெயில் ஏறிய பிறகு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து கிளம்பும் அந்த வாடையை இப்போதும் என்னால் மூக்குக்குக் கொண்டுவர முடியும். செருப்புக் கடையும் கொசுவர்த்திச் சுருளும் கலந்த மாதிரி ஒரு வாடை. கவுன் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்தால் தொடை வியர்த்து ஒட்டிக்கொள்ளும், எழுந்திருக்கும்போது 'சர்ர்' என்று தோலை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடும். பழுப்பு வெல்வெட்டில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் பூப்போட்ட அந்த நீளமான சோஃபா, எங்கள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தி பெரியம்மாவுடையது. சிங்கப்பூரில் வேலை பார்த்த மகன் வாங்கிக் கொடுத்தது. உறையைக் கழற்றினால் பழசாகிவிடும் என்று அவர் அதைக் கடைசிவரை கழற்றவில்லை. ஓரத்தில் கிழிந்த இடத்தில் கறுப்பு டேப்பை ஒட்டி வைத்திருந்தார். பெரியம்மா அதில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அவர் எப்போதும் அதன் காலடியில் தரையில் உட்கார்ந்துதான் வெற்றிலை போடுவார்.

மலேசியாவில், புக்கிட் பெருந்துங்கிலிருந்து செம்மண் சாலையில் உள்ளே போனால் வரும் செம்பனைத் தோட்டத்து லயம் எங்களுடையது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், முன்னால் 'அஞ்சடி' என்கிற நீளமான தாழ்வாரம், பின்னால் சாக்கடையும் அதைத் தாண்டப் பலகைகளும். அந்த லயத்தில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தாலும், பெரிய மனிதர் யாராவது வந்தாலும், மற்ற வீடுகளில் உள்ள நல்ல சாமான்கள் எல்லாம் அந்த ஒரு வீட்டுக்குப் போய்விடும். ஒரு வீட்டிலிருந்து மேசை விசிறி, இன்னொரு வீட்டிலிருந்து கண்ணாடி டம்ளர் செட்டு, பெரியம்மா வீட்டிலிருந்து சோஃபா. யாரும் கேட்க வேண்டியதில்லை. விருந்தாளி போன பிறகு எல்லாம் அதனதன் வீட்டுக்குத் திரும்பிவிடும். எங்கள் லயத்தில் பாதிக் கல்யாணங்கள் அந்த மஞ்சள் பூவின் மேல்தான் பேசி முடிக்கப்பட்டன.

நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது தோட்டத்தை விற்றுவிட்டார்கள். காலைப் 'பெரட்டில்', ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் நேரத்தில், தோட்டத்து எழுத்தரான கிராணி வந்து அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். லயத்தை இடிக்கப்போகிறார்கள், அதற்குள் இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். குலை வெட்டுகிற அப்பா அன்றைக்கும் வேலைக்குப் போய்விட்டார். உதிரிப் பழம் பொறுக்குகிற அம்மாதான் சாயங்காலமே விசாரிக்கத் தொடங்கினார். புக்கிட் பெருந்துங்கில் 'ரூமா மூரா' கட்டுகிறார்கள், ஏழைகளுக்கு அரசாங்கம் மலிவு விலையில் தரும் அடுக்குமாடி வீடு, மனு போட்டால் கிடைக்கும் என்று தெரிந்ததும் அம்மா ஒரே வார்த்தையில் முடித்தார்.

"எனக்கு ஒரு வீடு வேணும். அத வாங்காம நான் இந்த லயத்த விட்டு எறங்கமாட்டேன்."

எங்கள் வரிசையில் நான்கு வீடுகள் மனு போட்டன. சில மாதங்களுக்குப் பிறகு, அதிகாரி வந்து வீட்டைப் பார்ப்பார் என்று தகவல் வந்தது. நான்கு வீட்டுக்கும் ஒரே காலை.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியத்தைச் செய்தோம். வறுமையைப் பார்த்து எழுதிக்கொண்டு போக ஒருவர் வருகிறார் என்றால், மற்றவர்கள் இருக்கிற சாமானையும் ஒளித்து வைப்பார்கள். நாங்கள் இல்லாத சாமானை இரவல் வாங்கி வைத்தோம்.

"வேண்டாம்லா. நம்ம வீட்டப் பாக்கத்தானே வர்றாங்க, பாத்துட்டுப் போகட்டும்," என்று அப்பா மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

"ஆபீஸ்காரங்களத் தரையில உக்கார வைக்கச் சொல்றீங்களா? நாளைக்கி நம்மள என்னா நெனப்பாங்க?" என்றார் அம்மா.

வந்தவர் ஒரு மலாய்ப் பெண் அதிகாரி. எல்லாரும் மரியாதையாக 'புவான்' என்று கூப்பிட்டோம். ஊதா நிறத் துடுங்கால் தலையை மூடி, நெஞ்சோடு காகிதக் கோப்பு ஒன்றை அணைத்துக்கொண்டு, ஈரத்தில் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்தார். முதலில் பெரியம்மா வீடு. புவான் அங்கே சோஃபாவிலிருந்து எழுந்து முன்வாசல் வழியாக வெளியே வந்து அஞ்சடியில் செருப்பைப் போடுவதற்குள், ஆண்கள் சோஃபாவைப் பின்வாசல் வழியாகத் தூக்கிச் சாக்கடைப் பலகையைத் தாண்டி எங்கள் வீட்டுக்குள் வைத்துவிட்டார்கள். திண்டுகளைச் சுமந்து ஓடியது நான். டம்ளர்கள் கழுவிய ஈரத்தோடு வந்தன. மேசை விசிறி வந்து நின்று, தலையை ஆட்டி வரவேற்கவும் தொடங்கிவிட்டது. மூச்சு வாங்கியபடி அம்மா முந்தானையைச் சரிசெய்து நிற்கும்போது புவான் உள்ளே நுழைந்தார்.

அவர் சோஃபாவைப் பார்த்தார். கறுப்பு டேப்பைப் பார்த்தார். பிறகு அதன் மேலேயே உட்கார்ந்து, ஆரஞ்சுத் தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, மலாயில் நிதானமாகக் கேட்டார்: "அக்கா, இந்தச் சோஃபா உங்களுடையதா?"

அம்மா ஒருமுறை பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பின்வாசலில், இடுப்பில் கை வைத்துப் பெருமையோடு நின்றுகொண்டிருந்தார் பாப்பாத்தி பெரியம்மா.

"யா, புவான். சாயா புன்யா," என்றார் அம்மா. ஆமாம், என்னுடையது.

விசிறியும் அம்மாவுடையதாயிற்று, டம்ளர்களும் அம்மாவுடையவை ஆயின. அடுத்த இரண்டு வீடுகளிலும் அதே சோஃபா, அதே கேள்வி, அதே பதில். நான்காவது வீட்டில் புவான் உட்காரவே இல்லை என்று பிறகு சொன்னார்கள்.

பெயர்கள் வந்தபோது எங்கள் வரிசையில் ஒரு வீடும் அதில் இல்லை. கீழ் லயத்தில், வந்தவருக்குப் பாயை உதறிப் போட்டவர்களுக்கெல்லாம் வீடு கிடைத்துவிட்டது. மனு வாங்கும் அலுவலகத்துக்கு அம்மா என்னையும் அழைத்துக்கொண்டு போனார். கையோடு நான் எதற்கென்றால், அம்மாவின் மலாய் கடைத்தெருவுக்குப் போதும், அலுவலகத்துக்குப் போதாது. முகப்பில் இருந்த குமாஸ்தா கோப்பைப் புரட்டிவிட்டு, உங்கள் வீடு வசதியாகத்தான் இருக்கிறது, உங்களைவிடச் சிரமப்படுகிறவர்களுக்கு முதலில் கொடுக்கிறோம் என்றார். நான் அதைத் தமிழில் சொன்னபோது அம்மாவின் முகம் சுருங்கியது. அம்மா அழவில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது, "அடுத்த வாரமும் வருவோம் பாப்பா," என்று மட்டும் சொன்னார்.

போனோம். அதற்கடுத்த வாரமும் போனோம். அரை நாள் வேலை போனாலும் பரவாயில்லை என்று போனோம். குமாஸ்தாவுக்கு எங்களைப் பார்த்தாலே தலை வலித்திருக்க வேண்டும். "மறுபடி வந்து பாருங்க, சொல்லாம வாங்க" என்பதுதான் அம்மா ஒவ்வொரு முறையும் என்னைச் சொல்லச் சொன்ன ஒரே வாக்கியம். முடியாது என்பார் அவர். அம்மா நன்றி சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் பெஞ்சியில் உட்கார்ந்துகொள்வார். பிடிவாதத்துக்கு ஒரு முகம் இருக்குமானால், அது அந்தப் பெஞ்சியில் மடியில் குடையோடு உட்கார்ந்திருந்த என் அம்மாவின் முகம்தான்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு அந்தப் புவானே வாசல் வழியாக வந்தார். அம்மா எழுந்து நேரே போய் அவர் முன்னால் நின்றுவிட்டார்.

"ஓ, சோஃபா அக்கா," என்றார் புவான்.

அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு பாப்பா. அந்தச் சோஃபா எங்களுது இல்லன்னு சொல்லு," என்றார்.

"எனக்குத் தெரியும். அந்தக் கறுப்பு டேப் எனக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆனால் நான் கேட்டேன், நீங்கள் உங்களுடையது என்று சொன்னீர்கள். சொன்னதைத்தானே நான் எழுத முடியும்? ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

"கொடுத்தவங்க பின்னாலயே நிக்கறாங்க. இல்லேன்னு சொன்னா அவங்களுக்கு அசிங்கம் இல்லியா?"

'அசிங்கம்' என்பதை எப்படி மலாயில் சொல்வது என்று தெரியாமல், அவர்களுக்கு வெட்கமாகிவிடும் என்று சொல்லி வைத்தேன். வருகிறேன், எப்போது என்று சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் புவான் உள்ளே போனார்.

அதன் பிறகு வந்த நாள்கள்தான் அம்மாவுக்குப் பெரிய சோதனை. யார் எப்போது வருவார்கள் என்று தெரியாமல், வீட்டை இருக்கிறபடியே விட்டு வைப்பது என்பது லயத்துப் பெண்ணுக்கு நடக்கிற காரியமா? துடைப்பதைக்கூட அளவாகத் துடைத்தார். மற்ற வீட்டுக்காரர்களிடமும் இந்தத் தடவை எதுவும் இரவல் வேண்டாம் என்று சொல்லி வைத்தார். அது பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப என் சோஃபா ஒனக்கு ஆகாமப் போச்சு, இல்ல?"

"ஒங்க சோஃபாவால இல்லக்கா. என் வாயாலதான் போச்சு."

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அடுத்த வீட்டு வெற்றிலை இடிக்கும் சத்தம்கூடக் கோபமாகக் கேட்டது.

புவான் வந்தது நல்ல மழையில். ஈரத் துணியெல்லாம் வீட்டுக்குள் கயிற்றில் தொங்கியது. கூரை ஒழுகிய இடத்தில் எங்கள் தகர வாளி 'டங், டங்' என்று தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தது. காலில் முள் குத்திச் சீழ் வைத்து, கட்டுப் போட்ட காலோடு அப்பா பாயில் கிடந்தார். அம்மாவின் கை ஒருமுறை பக்கத்து வீட்டுச் சுவர்ப் பக்கம் போனது; தட்டினால் போதும், சோஃபா வந்துவிடும். கோபமாக இருந்தாலும் வந்துவிடும், பெரியம்மா அப்படிப்பட்டவர். அம்மா தட்டவில்லை. இன்னொரு பாயை விரித்தார். புவான் அதில் மடங்கி உட்கார்ந்து, பாலில்லாத கோப்பியை எவர்சில்வர் டம்ளரில் வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அலமாரி உங்களுடையதா?" கோயில் கமிட்டியுடையது, பழசென்று கொடுத்தார்கள். "விளக்கு?" தோட்டத்துடையது. "வெளியே உள்ள தண்ணீர்க் குழாய்?" தோட்டத்துடையது. கேள்வி கேட்கக் கேட்க அம்மாவுக்கு ஒரு துணிச்சல் வந்துவிட்டது. கேட்காததையும் அவரே காட்டிக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தார்: சுவர் தோட்டத்துடையது, கதவு தோட்டத்துடையது, இந்த ஒழுகிற கூரையும் தோட்டத்துடையது.

"அப்படியானால் எதுதான் உங்களுடையது?"

அம்மா சுற்றிப் பார்த்தார். பிறகு வாளியைக் காட்டினார்.

"சாயா புன்யா."

புவான் சிரித்துவிட்டார். அப்பா பாயில் படுத்தபடியே சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, அவர் உண்மையைத்தான் சொன்னார். அன்றைக்கே மற்ற வீடுகளுக்கும் புவான் போனார். பாப்பாத்தி பெரியம்மா மட்டும் தன் சோஃபாவில் அவரை உட்கார வைத்து, இது என்னுடையதுதான் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினாராம்.

எங்களுக்கு வீடு கிடைத்தது. மின்தூக்கி இல்லாத கட்டடத்தில் மேல் மாடி. மற்ற இரண்டு வீடுகளுக்கும் அதே இடத்தில் வேறு புளோக்கில் கிடைத்தது. பெரியம்மா தமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புக்கிட் பெலிம்பிங்கில் இருந்த மகளோடு போய்விட்டார். லோரியில் சாமான் ஏற்றுகிற அன்று காலையில்தான் அவருக்கும் அம்மாவுக்கும் மறுபடி பேச்சு வந்தது. "கமலா, இத ஒன் புது வீட்டுல போட்டுக்க," என்று சோஃபாவைக் காட்டினார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம்க்கா என்று அழுதார். வீடு இல்லை என்று சொன்னபோது அழாதவர், அன்றைக்கு அழுதார்.

புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று சாயங்காலமே மழை வந்தது. அம்மா பழக்கத்தில் தகர வாளியைக் கொண்டுவந்து ஹாலின் நடுவில் வைத்துவிட்டார். நாங்கள் மூவரும் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தோம். ஒரு சொட்டு விழவில்லை. மழை விடும்வரை யாரும் வாளியை எடுக்கவும் இல்லை.

அந்த வீட்டுக்காக அம்மா தொழிற்சாலையில் கழிவறை கழுவினார், ஓவர்டைம் பார்த்தார், வங்கித் தவணையை ஒரு மாதம்கூடத் தவறவிடவில்லை. இப்போது தவணை முடிந்து, வீட்டுப் பட்டா அம்மாவின் பெயரில் வந்துவிட்டது. லயம் இருந்த இடத்தில் வரிசை வீடுகள், வாசலில் காவலாளி. நாங்கள் உள்ளே போக வேண்டுமானால் அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பாப்பாத்தி பெரியம்மா இல்லை. அந்தச் சோஃபா என்னவாயிற்று என்று அவர் மகளுக்கே தெரியவில்லை. எங்கள் மாடியில் இன்று எல்லார் வீட்டிலும் சோஃபா இருக்கிறது. எதுவும் ஒரு வாசலைத் தாண்டி இன்னொரு வாசலுக்குப் போனதில்லை. பிளாஸ்டிக் நாற்காலி போதும் என்று அம்மா மட்டும் வாங்கவில்லை.

போன மாதம், நான் ரவாங்கில் வேலை முடிந்து அம்மாவைப் பார்க்கப் போயிருந்தபோது, குடியிருப்போர் விவரம் எடுக்க ஒரு மலாய்ப் பையன் கைக்கணினியோடு கம்பிக் கதவுக்கு வெளியே நின்றான். படியேறிய களைப்பில் மூச்சு வாங்கினான். அம்மா கதவைத் திறந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் குடித்துவிட்டு அவன் கேட்டான்: "அக்கா, இந்த வீடு உங்களுடையதா?"

அம்மா ஒருமுறை பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே சமையலறை வாசலில் யாரும் இல்லை. தகர வாளி மட்டும் கவிழ்ந்து காய்ந்துகொண்டிருந்தது.

"யா," என்றார் அம்மா. "சாயா புன்யா."