செத்தவர்கள் வைத்த கைநாட்டு

பதிவு அலுவலகத்துக்கு எதிரே, பல் டாக்டருக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஒரு ஜெராக்ஸ் கடை. மெஷினும் ஒரு ஸ்டூலும் போக, ஒரு ஆள் நிற்கத்தான் இடம். அதை நடத்தியவளுக்கு ஊர் வைத்த பெயர் ஜெராக்ஸ் அக்கா. அறுபது வயதுக்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். மலையில் பிறந்தவள். அவள் சனத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் பெண். மலையிலிருந்து யார் இறங்கி வந்தாலும் மனு எழுதிக் கொடுப்பாள், படிவம் நிரப்பிக் கொடுப்பாள். எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், எந்த ஆபீசர் சாப்பிட்டு வந்த பிறகுதான் முகம் கொடுத்துப் பேசுவார் என்பதுவரை சொல்லி அனுப்புவாள்.

ஒரு நாள் சுரங்கக் கம்பெனியின் குமாஸ்தா மூச்சு வாங்க ஓடி வந்தார். ஆபீஸ் மெஷின் படுத்துவிட்டதாம். "ரெண்டு செட்டு போடுங்கக்கா, அவசரம்" என்று ஒரு கட்டைக் கொடுத்துவிட்டு, போன் பேச வெளியே போனார். மலையை வெட்டித் தாது எடுக்க மலைச்சனம் மனமுவந்து சம்மதித்ததற்கான பட்டியல் அது.

ஒன்பதாம் பக்கத்தில் அவள் கை நின்றது. அம்மாவின் பெயர். பக்கத்தில் ஊதா மையில் ஒரு கட்டைவிரல். அம்மா செத்து ஆறு வருஷம். அதைக்கூடப் பொறுத்திருப்பாளோ என்னவோ. அம்மா கைநாட்டு வைக்கிறவளே இல்லை. நாற்பது வயதில் மகளின் சிலேட்டில் எழுதிப் பழகியவள். "கைநாட்டா?" என்று கேட்ட ஆபீசரின் பேனாவைப் பிடுங்கி, பெயரை எழுதிக் காட்டியவள். அவளைச் செத்த பிறகு கைநாட்டு ஆக்கிவிட்டார்கள்.

அவள் மூன்று செட்டு போட்டாள். இரண்டைக் குமாஸ்தாவிடம் கொடுத்தாள்.

மறுநாளே நாத்தனாரை மலையிலிருந்து வரச்சொல்லி, இருவரும் வீட்டில் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். செத்தவர்கள் பதினேழு பேர். போதாததற்கு இரண்டு வயதுக் குழந்தை ஒன்றின் கைநாட்டும்.

"நம்ம பெரியப்பா உசிரோட இருந்தவரைக்கும் ஒரு கூட்டத்துக்கு வந்ததில்ல" என்றாள் நாத்தனார். "செத்தப்புறம் எவ்வளவு பொறுப்பா வந்து வச்சிட்டுப் போயிருக்காரு பாரு."

சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் அந்த வீட்டில் காற்றே கொதித்தது. அன்றே புகார் எழுதினார்கள். இருவருமாகப் போய் மாவட்ட அதிகாரியிடம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு வாரத்தில் பேச்சு கிளம்பியது. குமாஸ்தாவுக்கும் அவளுக்கும் பழக்கமாம், இல்லையென்றால் பட்டியல் எப்படி அவள் கைக்கு வரும் என்று. பல் டாக்டரின் மனைவி அவளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒரு நாள் பைக்கில் ஒருவன் வந்தான். இஸ்திரி மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. ஒரு போட்டோவை மேஜை மேல் வைத்தான்.

"பத்து காப்பி போடும்மா தங்கச்சி. முகம் தெளிவா விழணும்."

அவள் மகள். பள்ளிக்கூட வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

"யாரு எடுத்தது இது?"

"தினமும் அந்தப் பக்கம் போறோம்ல. அழகா இருந்துச்சு, எடுத்தோம்."

வேறு வழி தோன்றாமல் மெஷின் மூடியைத் தூக்கினாள். வெளிச்சம் மகளின் முகத்தின் மேல் பத்து முறை ஓடியது. அவன் எண்ணி வாங்கி, ஒரு தாளை மட்டும் அவள் பக்கம் தள்ளினான். "இது உனக்கு." பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

அவள் வண்டி நம்பரைப் பார்த்து வைத்துக்கொண்டாள். பைக் சத்தம் ஓயும்வரை பயம் இருந்தது. ஓய்ந்த பிறகு அது பயமாக இல்லை. ஒரு பெரிய தாளை எடுத்தாள். "என் மகளைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்து, என் கடையிலேயே காப்பி போட்டு மிரட்டியவனின் வண்டி நம்பர் இது" என்று எழுதி, நம்பரைக் கொட்டை எழுத்தில் போட்டாள். மகளின் படத்தை ஒட்டவில்லை. அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். எழுதிய தாளைக் கடை ஷட்டரில் ஒட்டினாள். பதிவு அலுவலகத்துக்கு வந்தவர் போனவர் எல்லாம் படித்தார்கள்.

கம்பெனிக்குத் தண்ணீர் லாரி ஓட்டிய புருஷன் அன்று பொழுது சாயுமுன் வேலை பறிபோய் வந்து நின்றான்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? ஒரு மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு ஒதுங்கிடு. வயசுப் பொண்ணு இருக்கா வீட்டுல."

"அந்தப் பொண்ணு படத்தை என் கையாலயே காப்பி எடுக்க வச்சான். மன்னிப்பு யாரு யார்கிட்ட கேக்கணும், சொல்லு."

அவன் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. பைக்கில் வந்தவனைப் பற்றி விசாரிக்க அல்ல. கம்பெனிக் காகிதத்தைத் திருடினாள் என்று அவள்மேல் புகார். காலை பத்து மணிக்கு வரச்சொன்னார்கள், மாலை ஆறுவரை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். மூன்று நாள். ஒரு கேள்வி கேட்கவில்லை. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் சாவி தொலைந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் நாளிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் பெஞ்சருகே நின்றார். "கடை வச்சு நல்லாத்தானே பொழைக்கிறே. மலைக்காரங்களுக்கு நீ எதுக்கு வக்காலத்து?"

"நானே மலைக்காரிதான் சார்."

"அதை மறந்துட்டா நிம்மதியா இருக்கலாம்ல?"

அந்தக் கேள்வியை அவள் இன்றும் யாரிடமாவது சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்வாள்.

நான்காம் நாள் நாத்தனார் முப்பது பெண்களோடு ஸ்டேஷனுக்குள் நுழைந்தாள். "எங்க பேரும் அந்தப் பட்டியல்ல இருக்கு. நாங்களும் சம்மதிக்கல. எங்களையும் உக்காரவச்சு விசாரிங்க" என்றாள். பெஞ்சு நிறைந்து, தரை நிறைந்து, வாசற்படியும் நிறைந்தது. புகார் கொடுக்க வந்தவர்கள் உள்ளே வர வழியில்லாமல் நின்றார்கள். மதியத்துக்குள் கழிப்பறைச் சாவி கிடைத்துவிட்டது. சாயங்காலம் அவளைப் போகச் சொன்னார்கள்.

அடுத்த மாதம் அவர்கள் கொடுத்த புகார்மேல் மாவட்ட அதிகாரி முன்னால் விசாரணை நடந்தது. அவள் பதினேழு பெயரையும் வாசித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டுப் பெண் எழுந்து, செத்த வருஷத்தைச் சொன்னாள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டியல் செல்லாது, புதிதாகக் கூட்டம் போட்டுக் கேட்கவேண்டும் என்று எழுதினார். அவ்வளவுதான். அந்தக் கட்டைவிரல் யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. வேலை போனது குமாஸ்தாவுக்கு. வெள்ளைச் சட்டைக்காரன் இப்போதும் எதிர்க் கடையில் டீ குடிக்கிறான். குடிக்கும்போது அவள் பக்கம் பார்த்து டம்ளரைத் தூக்கிக் காட்டுகிறான்.

மகளை வேறு ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அனுப்பவேண்டியதாயிற்று. பஸ் நிலையத்தில் பெண் கேட்டாள். "படம் எடுத்தவன் இங்கயே இருக்கான். நான் எதுக்கும்மா ஊரைவிட்டுப் போகணும்?"

"போகவேண்டியவ நீ இல்லடி" என்றாள் அம்மா. "ஆனா இன்னைக்கு நீதான் போறே. இது அநியாயம்தான். அநியாயம்னு தெரிஞ்சுகிட்டே போ."

பஸ் நகர்ந்ததும் புருஷன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் அழவில்லை. அழுதால் கோபம் கொஞ்சம் ஆறிவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நேரே போய்க் கடையைத் திறந்தாள்.