மெத்தென்று காய்ந்த கைக்குட்டை

காது ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர் அங்கே மூக்கைச் சிந்தினால், மூன்றாம் மாடி சிஸ்டருக்கு இங்கேயே தெரிந்துவிடுமாம். லிஃப்ட்காரரின் மச்சினியிடம் யாரோ சொன்னதாம். ஒரே வாரத்தில் ஆஸ்பத்திரி முழுக்கப் பரவிவிட்டது.

சிஸ்டருக்குச் சிரிப்பு வந்தது. மாயமுமில்லை, மந்திரமுமில்லை. வீட்டுக்குப் போன ஒவ்வொருவரையும் மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் போனில் பிடித்துவிடுவார், அவ்வளவுதான். யாரும் அவரிடம் சொன்ன வேலையல்ல. இருபத்திரண்டு வருடமாகத் தானே செய்கிறார். கை கழுவாமல் காயத்துக் கட்டைத் தொடப் போனால் பெரிய டாக்டரையும் விடமாட்டார். "டாக்டர், கை!" என்றால் போதும், அவர் முணுமுணுத்துக்கொண்டே குழாயடிக்குத் திரும்புவார்.

அன்று ஒரு தையல்காரருக்கு, வீட்டுக்குப் போய் ஏழாம் நாள். காதுக்குப் பின்னால், மண்டையோட்டின் அடியிலிருந்த கட்டியை எடுத்திருந்தார்கள்.

"எப்படி இருக்கீங்க அண்ணே? காய்ச்சல், தலைவலி?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். லேசா ஜலதோஷம். குனிஞ்சா ஒரு பக்கம் மூக்கு சொட்டுது."

சிஸ்டரின் பேனா நின்றது. "குனியக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே. மெஷின்ல உக்காந்துட்டீங்களா?"

"பட்டனுக்குக் காஜா மட்டும்தான்..."

"காஜாவாம்!" பின்னாலிருந்து அவர் மனைவி. "ரெண்டு நாள்ல இருபது ஸ்கூல் சட்டை தைச்சாச்சு சிஸ்டர்!"

"துடைச்ச கைக்குட்டை காஞ்சதும் எப்படி இருக்கு அண்ணே?"

துணி என்றதும் தையல்காரருக்குக் குஷி பிறந்தது. "அதான் ஆச்சரியம்! சளின்னா கஞ்சி போட்ட மாதிரி விறைக்கும். இது துவைச்ச துணி மாதிரி மெத்துன்னு இருக்கு. நல்ல சளி சிஸ்டர்!"

 சிஸ்டருக்கு அது சளியாகத் தெரியவில்லை. மூளையைச் சுற்றியிருக்கும் நீர், காதின் உள்வழியாக மூக்குக்குக் கசிகிறது போல. நீர் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும். மூளைச் சவ்வைத் தொட்டுவிட்டால் ஆளையே கொண்டுபோய்விடும்.

"மூக்கைச் சிந்தாதீங்க. தும்மல் வந்தா அடக்காதீங்க, வாயைத் திறந்து தும்முங்க. இப்பவே கிளம்பி வாங்க."

"நாலு காலர்தான் சிஸ்டர் பாக்கி..."

"காலரை நான் வந்து தைக்கிறேன். கிளம்புங்க!"

டாக்டரிடம் சொன்னார். தையல்காரருக்கென்று ஒரு கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி வைத்தார். அவர் வீடு இருபது நிமிஷ தூரம்தான். ஒரு மணி நேரமாகியும் வாசலில் ஆளைக் காணோம். கை கழுவிக்கொண்டு வந்து மறுபடி அவர் போன் நம்பரை அழுத்தினார்.

அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டே இருந்தது.